சாமி குடிக்கவில்லை

போன மாதம் அல்லிநகரத்தில் நண்பர்கள் நாமெல்லாம் கூடியிருந்தபோது, புதிதாக டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தன் மருமகளுக்காக நம்மில் ஒருவர் கேட்டார். "பிள்ளைகள் பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிடுகிறார்கள். புத்தகத்தில் எழுதாத ஒன்றைக் கேட்டால் முழிக்கிறார்கள். படித்ததை வைத்துப் படிக்காததை ஊகிக்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். படம் காட்டலாம் என்றார் ஒருவர், விடுகதை போடலாம் என்றார் இன்னொருவர். ஆயுசு முழுக்க அதையே சொல்லிக்கொடுத்து ரிட்டயரான நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாயாடிக்கு இன்றைக்கு என்ன ஆச்சு என்று கேலி செய்தீர்கள். எனக்கு அதைச் சொல்லித்தந்த வருஷத்துக் கார்த்திகை மாதத்தைப் பேசாமல் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. காப்பி குடிக்கிற இடத்தில் அதைப் பேசவும் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ரோட்டின் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். அப்பா மருந்து அடிக்கிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் பூச்சி விழுந்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். மற்றப் பயிருக்கு மருந்து அடிப்பதும் திராட்சைக்கு அடிப்பதும் ஒன்றில்லை. பந்தல் தலைக்கு மேலே கிடக்கும். குழலை அண்ணாந்து பிடித்து அடிக்க வேண்டும். மேலே போனதில் பாதி இலையில் நிற்கும், மீதி அடிக்கிறவர் மேலேயே சொட்டும். அதற்கென்றே அப்பாவிடம் ஒரு முழுக்கைக் காக்கிச் சட்டை இருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஏறி ஏறி, கழற்றி வைத்தால் மடங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும். பூச்சி மருந்தின் வாடை, அழுகிய வெள்ளைப்பூண்டு வாடை, அதில் எப்போதும் இருக்கும். அந்த வாடை அடித்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அதே சட்டையோடுதான் சாராயக் கடைக்கும் போவார். குடித்தால் அவர் எப்படி இருப்பார் என்பது எனக்கு மனப்பாடம். கண் சிவந்து பெரிதாகிவிடும். தெருமுனையிலேயே குரல் ஏறும். என் தாய்மாமன்களை ஒருத்தர் விடாமல் ஏசிக்கொண்டே வருவார். பிறகு பாட்டு. பிறகு என் தம்பியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுகை. இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

அந்த வருஷம் கார்த்திகை பிறந்ததும் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டார். குமுளி வழியாக மலைக்குப் போகிற கூட்டமெல்லாம் எங்கள் ரோட்டைத் தாண்டித்தான் போகும். மாலை போடுவது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை. என் அப்பா போட்டதுதான் அதிசயம். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இனிமே தொட மாட்டாக. சாமி மேல சத்தியம் பண்ணியிருக்காக" என்று குழாயடியில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். அவளுடைய அண்ணன்மார் சிரித்தார்கள். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்றார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அப்பா ஜெயிக்க வேண்டும் என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு விடிகாலையில் எழுந்து வீட்டைக் கழுவினாள்.

மாலை போட்டவரைப் பெண்டாட்டி பிள்ளைகள்கூட சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அதற்கு முந்திய மாதம்வரை அம்மா அவரை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று கேட்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "சாமி, வெந்நி வச்சிருக்கு." "சாமி, பிள்ளைய கொஞ்சம் புடிங்க." அப்பாவுக்கும் கூச்சமாக இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு சரி சரி என்பார். எங்கள் வீட்டில் மரியாதை என்ற ஒன்று நடமாடிய நாட்கள் அவைதான்.

வீட்டைக் கழுவின கையோடு அம்மா அந்தக் காக்கிச் சட்டையையும் ஆற்றில் விட்டுவிட்டாள்.

"மருந்தடிக்கிறப்ப வேணும்ல?" என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சாராயக் கடைக்குப் போன சட்டை சாமி இருக்கிற வீட்டுல எதுக்கு? எல்லாம் ஐயப்பன் பாத்துக்கிடுவாரு" என்றாள் அம்மா. அப்பா கறுப்பு வேட்டியும் துளசிமணி மாலையுமாக, செருப்பில்லாத காலோடு வேலைக்குப் போகத் தொடங்கினார்.

இனி என் டீச்சர். உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தலையில் முக்காடு, கையில் ஒரு ஒயர் கூடை. வேலைக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது. எங்களுக்கு முன்னால் இருந்த வாத்தியார் பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டுத் தூங்குவார். இந்த டீச்சர் வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொன்னார். எங்களுக்கு அது புதுசு. ஒருநாள் கரும்பலகையில் இப்படி எழுதினார்: ஒருவர் வீட்டுக்கு வந்தார். குடையை விரித்து வாசலில் வைத்தார். நாய் குரைக்கவில்லை. பெரியம்மா இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

"வந்தது யாரு?"

அப்படி எழுதவில்லையே என்று விழித்தோம்.

"எழுதல. ஆனா அங்கனதான் இருக்கு. தேடுங்க."

மழை பெய்கிறது என்றாள் ஒருத்தி. சரி, எந்த வரி? குடை வரி. வந்தவர் நாய்க்குத் தெரிந்தவர் என்றேன் நான். பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "நாய் செத்துப்போச்சு டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "இருக்கலாம்டா. எந்த வரியில செத்துச்சு? வந்து கை வச்சுக் காட்டு" என்றார். அவன் கரும்பலகைக்கு முன்னால் நின்று வெகுநேரம் தேடிவிட்டு, "டீச்சர், நாய் உசுரோடதான் இருக்கு" என்று திரும்பி வந்தான்.

எதைப் படித்தாலும் அவர் கேட்பது ஒரே மாதிரிதான். இதில் என்ன எழுதியிருக்கு? உனக்கு முன்னமே என்ன தெரியும்? ரெண்டையும் சேர்த்தா என்ன வருது? எல்லாம் சொல்லி முடித்து நாங்கள் பெருமையாக உட்காரும்போது கடைசியாக ஒன்று கேட்பார். வேற மாதிரி இருக்கலாமா? அந்தக் கடைசிக் கேள்வி எங்களுக்குப் பிடிக்காது. கண்டுபிடித்த சந்தோஷத்தைக் கெடுத்துவிடும்.

எனக்கு அந்தப் பாடம் பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. புத்தகம் போதவில்லை. தெருவைப் படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில் ஜீப் மாமா இருந்தார். சொந்தமில்லை, கூப்பிடுகிற முறைதான். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் பொம்பளைகளைக் கம்பமெட்டு வழியாக மலைக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஜீப்பை ஓட்டுகிறவர். அவர் சட்டைத் தோளில் கண்மைக் கறை. ஜீப்பில் ஒரு கிலுகிலுப்பை. அவருக்கோ பிள்ளை கிடையாது. மூன்றையும் சேர்த்து, "மாமாவுக்கு மலையில இன்னொரு வீடு இருக்கு, அங்கன ஒரு பாப்பா இருக்கு" என்று குழாயடியில் அவர் பெண்சாதியிடமே அறிவித்தேன். அன்று சாயங்காலம் அந்த வீட்டுப் பாத்திரமெல்லாம் தெருவுக்கு வந்தது. விசாரித்தால், வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கைக்குழந்தையை மழை நேரத்தில் அவர் முன்சீட்டில் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அதன் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டுதான் அவர் தோளில் ஒட்டியிருக்கிறது.

அம்மா என்னை விளக்குமாற்றால் வெளுத்தாள். பள்ளிக்கூடத்துக்கும் வந்தாள். "ஏன் டீச்சர், எழுத்துப் படிக்க அனுப்புனா எதுக்கு அடுத்தவுக வீட்டப் படிக்கச் சொல்லிக் குடுக்கிறீக?" டீச்சர் மன்னிப்புக் கேட்டார். அம்மா போனபிறகு என்னிடம், "கடைசிக் கேள்வியக் கேக்காம ஓடிட்டியே" என்றார். அதோடு தெருவில் எனக்கு சிஐடி என்று பெயர் வைத்தார்கள். அம்மா கண்டிப்பாகச் சொன்னாள்: "இனிமே எதையாவது கண்டுபிடிச்சேன்னு வாயத் தொறந்த, சூடு வச்சிருவேன்."

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த நாள்.

மலையில் மூடாப்புப் போட்டு, பகலிலேயே குளிரடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், எங்கள் வாசலில் கூட்டம். அப்பா மண்ணில் ஒருக்களித்துக் கிடக்கிறார். வாய் ஓரத்தில் எச்சில் நுரை நுரையாக வழிகிறது. வாந்தி எடுத்திருந்தார். தோட்டத்திலிருந்து தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்தாராம். இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தாராம். ஊரே பார்த்திருக்கிறது. ஊர் படித்துமுடித்துவிட்டது. குடிகாரன், தள்ளாடுகிறான், குடித்திருக்கிறான்.

அம்மா வாசற்படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "மாலையப் போட்டுக்கிட்டுக் குடிச்சிட்டு வந்திருக்காரே! நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தண்ணிக்குப் போவேன்? எங்க அண்ணன்மாரு மொகத்துல எப்படி முழிப்பேன்? இனி இந்தப் படி ஏறக் கூடாது. நீ எனக்குச் சாமியும் இல்ல, புருசனும் இல்ல!" தம்பியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்தித் தாழ் போட்டாள்.

நான் வெளியில் இருந்தேன். அப்பாவின் முகம் என் பக்கம் இருந்தது. கதவு சாத்தின சத்தத்துக்கு அவர் கண் அந்தப் பக்கம் திரும்பியது. வலது கையை மண்ணில் இழுத்து இழுத்துக் கொண்டுவந்து கழுத்து மாலையைப் பிடித்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். பேச்சு வரவில்லை.

அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். வேறு யாரும் பக்கத்தில் வரவில்லை. அங்கே நின்ற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் மாலை போட்டவர்கள். குடித்தவனைத் தொட்டால் விரதம் கெட்டுப்போகும் என்று நாலு முழம் தள்ளியே நின்றார்கள். குனிந்து ஒருதரம் மோந்து பார்க்க ஊரில் ஒரு மூக்கு இல்லை. நான் மோந்தேன். சாராய வாடை இல்லை. தலைமயிரிலும் தோளிலும் வெள்ளைப்பூண்டு வாடை. இத்தனை குளிரில் வேர்த்து ஊற்றியது. கைச்சதை தன்னால் துடித்தது. குடித்தால் பெரிதாகிற கண், கருமணி கடுகுபோலச் சிறுத்துக் கிடந்தது. ஏச்சு இல்லை, பாட்டு இல்லை, அழுகை இல்லை. எனக்குத் தெரிந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை.

"அம்மா! சாமி குடிக்கல! கதவத் தொற, சாமி குடிக்கல!"

உள்ளேயிருந்து, "வாய மூடு! கண்டுபிடிச்சிட்டா இவ" என்று அழுகைக்குரல் வந்தது.

"வந்துட்டா சிஐடி" என்றார் ஜீப் மாமா. யாரோ சிரித்தார்கள். எனக்கு மண்ணில் புரண்டு கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். கண் பாருங்க, வாடை பாருங்க என்று ஒவ்வொருவர் காலையும் பிடித்து இழுத்தேன். பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அப்பாவின் மூச்சில் கரகரவென்று சளி கட்டின சத்தம் கேட்க ஆரம்பித்தது.

டாக்டரைக் கூப்பிடவில்லை. ஊர்க்காரர்களுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமியைக் கூப்பிட்டார்கள். மாலையோடு குடித்தவன் கழுத்திலிருந்து இருட்டுவதற்குள் மாலையைக் கழற்றிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் ஊருக்கு ஆகாதாம். அவர் வந்து தள்ளி நின்றபடியே, "மாலை போடாத ஆளு யாராச்சும் கழட்டுங்கப்பா" என்றார். ஜீப் மாமா வந்தார். மாலையில் கை வைத்தபோது நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, என்னைய எத்தனை அடி வேணும்னாலும் அடிங்க. ஒரே ஒரு தடவ மோந்து பாருங்க."

அவர் குனிந்தார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "ஏலே, இது சாராயம் இல்லடா. மருந்து வாடைடா."

என் உயிர் திரும்பி வந்தது என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே கூட்டத்திலிருந்து ஒருவர், "அப்ப மருந்தக் குடிச்சிட்டான்" என்றார். உடனே அது எல்லோர் வாயிலும் ஏறியது. மருந்தக் குடிச்சிட்டான், மருந்தக் குடிச்சிட்டான். சேர்ந்து நின்ற கூட்டம் பின்வாங்கியது. குருசாமி, "போலீஸ் கேஸு ஆகும்ப்பா" என்றார். ஜீப் மாமா கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டி என்னுது இல்ல, மொதலாளி வண்டி. போற வழியில ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா வண்டியப் புடிச்சு வச்சுக்கிடுவாக" என்றார். கதவு திறந்து அம்மா ஓடிவந்து அப்பா மேல் விழுந்தாள். "சாமி, நான் ஏசுனதுக்கா? இதுக்கா குடிச்சீக?" அவர் வருவதற்கு முன்னால் அவள் ஏசவே இல்லை. அதைக்கூட யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

நான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். டீச்சர் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கண், வேர்வை, வாடை என்று துண்டு துண்டாகச் சொல்லியிருப்பேன். அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எதிரில் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். செருப்பை வழியில் எங்கோ விட்டுவிட்டார்.

வந்தவர் மண்ணில் உட்கார்ந்து அப்பாவின் தலையை ஒருபக்கமாகத் திருப்பி, தன் முந்தானையால் வாயை வழித்துவிட்டார்.

"மாலை போட்டவுகள நீங்க தொடக் கூடாது டீச்சர்" என்றார் குருசாமி.

"தொட்ட பாவம் எனக்கு வரட்டும்ங்க. குடிச்சாரா, மேல பட்டுச்சான்னு டாக்டர் சொல்லட்டும். ரெண்டுக்கும் போக வேண்டியது ஒரே எடந்தான். அண்ணே, ஜீப்ப எடுங்க. போலீஸ் வந்தா என் பேரச் சொல்லுங்க."

ஜீப் மாமா ஒரு நொடி நின்றார். பிறகு ஓடிப்போய் வண்டியை எடுத்துவந்தார். அவரும் டீச்சரும்தான் அப்பாவைத் தூக்கினார்கள். கம்பம் போகிறவரை அம்மா சாமி, சாமி என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவர் மூச்சு இழுக்கிற சத்தம் ஜீப் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

கம்பத்தில் டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்ததுமே ஊசியை எடுத்தார். நர்ஸுகள் அப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். கொஞ்சம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "குடிச்சிருக்கிற மாதிரி தெரியலம்மா. தோல் வழியா ஏறியிருக்கு. மேல சட்டை இல்லாமயா அடிச்சாரு?" என்று கேட்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. ஆற்றில் விட்ட சட்டையை அவள் அந்த இடத்தில்தான் திரும்பப் பார்த்தாள். மறுநாள் வெயில் ஏறுமுன்னே அப்பா போய்விட்டார். அந்தப் பூச்சி மருந்து உடம்பில் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று இன்றைக்கு நான் படித்திருக்கிறேன். அவர் வாசலில் கிடந்த அந்த நேரம்தான் அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நேரம். அதை ஊர் மாலையைக் கழற்றவா வேண்டாமா என்று பேசித் தீர்த்தது. இந்த வயதிலும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

டாக்டர் சொன்னதை ஜீப் மாமா ஊரில் வீடுவீடாகப் போய்ச் சொன்னார். ஊர் கேட்டுக்கொண்டது, நம்பவில்லை. மாலையோடு குடித்தான், ஐயப்பன் கேட்டுவிட்டார் என்று ஒரு பாதி. பெண்டாட்டி ஏசினாள், மருந்தைக் குடித்துவிட்டான் என்று மறுபாதி. மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதுதான் நடந்தது, அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனபோது டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொன்னார். அன்றைக்கு அவர் முதலில் கேட்டதே கடைசிக் கேள்வியைத்தான். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான் கேட்டார். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் அப்படித்தான் கேட்டேன். நம் நண்பரின் மருமகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அம்மா கடைசிக் காலத்தில் தேனியில் என்னோடு இருந்தாள். அப்பாவைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்கு நான் கதவச் சாத்துனது அவுகளுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காதும்மா. அப்பவே அவருக்கு நெனவு இல்ல."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துப் படிக்காதவள்.

"சாம்பாருக்கு உப்புப் பத்துமான்னு கேட்டாக்கூட நீ ரோசிச்சுத்தான் சொல்லுவ. இதுக்கு மட்டும் நான் கேட்டு முடிக்குமுன்னே பதில் சொல்லிட்ட" என்றாள். "அப்பக் கேட்டிருக்கு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.